கொரிந்துக்குப் போன கடிதங்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். வீட்டுக்காரிக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது எனக்கு முன்னால் அவள் பேப்பர் படித்துவிட்டு, செய்தியையும் அதற்கான தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறாள். எனக்கு மூட்டுவலி பழையபடிதான். மாடிப்படி ஏறினால்தான் தெரிகிறது என்பதால் ஏறுவதை நிறுத்திவிட்டேன். புத்தகமெல்லாம் கீழே வந்துவிட்டது.

உங்கள் சபை விஷயம் படித்து வருத்தமாக இருந்தது. பழைய பாதிரி ஐயர் பக்கம் ஒரு கூட்டம், புதிய ஐயர் பக்கம் ஒரு கூட்டம், காணிக்கைக் கணக்கைப் பற்றி மொட்டைக் கடுதாசி, கோர்ட்டுக்குப் போவோம் என்று சிலர். இந்த நேரம் பார்த்து வேதபாட வகுப்பில், கொரிந்து ஊர்ச் சபைக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய முதல் நிருபத்தை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள். "வசனத்தை நான் பார்த்துக்கொள்வேன், ஊரைப் பற்றி நீ எழுது" என்று கேட்டிருக்கிறாய். திருநீறு பூசுகிறவனிடம் பவுலைப் பற்றிக் கேட்கிற துணிச்சல் உனக்குத்தான் வரும். ஆனால் ரோமாபுரி வரலாற்றைப் பாடம் நடத்திப் பிழைத்தவன் நான், அந்த ஊர் எனக்குக் கொஞ்சம் பழக்கம். விடுதி நாட்களில் நீ கொடுத்த வேதாகமமும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பவுல் பார்த்த கொரிந்து பழைய கிரேக்கக் கொரிந்து அல்ல. அதைக் கி.மு. 146-இல் மும்மியுஸ் என்ற ரோமத் தளபதி சூறையாடி அழித்துவிட்டான். நூறு வருஷம் போல ஏறக்குறைய பாழாகக் கிடந்த இடத்தில், கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் புதிதாக ஆட்களைக் குடியேற்றினார். வந்தவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். ஆக, "எங்கள் தாத்தா காலத்தில்" என்று பேச ஊரில் அதிகம் பேருக்கு வாய்ப்பில்லை. சம்பாதித்து, எதையாவது கட்டிக் கொடுத்து, அதில் பெயரை வெட்டிக்கொண்டால்தான் பெரிய மனுஷன். அங்கே அகழ்ந்தெடுத்த ஒரு கல்தளத்தில், எரஸ்து என்பவர் தமக்குக் கிடைத்த நகராட்சிப் பதவிக்காகத் தம் சொந்தச் செலவில் இதைப் போட்டார் என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. பவுலின் ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் வருகிற பட்டணத்துக் கணக்கன் எரஸ்துவும் இவரும் ஒருவர்தானா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அந்த வழக்கைவிட, நன்கொடை கொடுத்தவர் பெயர் மிதிபடுகிற இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எல்லோர் கண்ணிலும் பட்டால் போதும் என்று நினைத்த ஊர் அது என்பதுதான் சுவாரசியம். உபயம் எழுதாத டியூப்லைட் உங்கள் கோவிலிலும் கிடையாது, எங்கள் கோவிலிலும் கிடையாது என்று வை.

பணம் வந்த வழி கடல். ஒரு பக்கம் லெகாயோன் துறைமுகம், இன்னொரு பக்கம் கெங்கிரேயா. இரண்டு கடலுக்கும் நடுவே நிலம் குறுகலான இடத்தில் ஆறு கிலோமீட்டர் சுமார். தெற்கே மலேயா முனையைச் சுற்றிப் போவதென்றால் மாலுமிகளுக்கு உயிர்ப்பயம். அதனால் சரக்கை இங்கே இறக்கி, அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடி ஏற்றினார்கள். நீரோ கி.பி. 67-இல் கால்வாய் வெட்ட ஆரம்பித்து அரைகுறையாக விட்டான். 1893-இல்தான் அது திறக்கப்பட்டது.

பவுல் அங்கே ஒன்றரை வருஷம் இருந்தார். இது எந்த வருஷம் என்பதைச் சொல்ல நல்ல ஆதாரம் இருக்கிறது. அவரைக் கல்லியோன் என்ற ஆளுநர் முன் இழுத்துக்கொண்டு போனதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறதல்லவா? அந்தக் கல்லியோன் தத்துவஞானி செனெக்காவின் அண்ணன். கிலவுதியு பேரரசன் அவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதிய ஓலை டெல்ஃபியில் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அதை வைத்து அவர் பதவிக்காலம் கி.பி. 51, 52 வாக்கில் என்று கணக்கிடுகிறார்கள். பவுலின் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக ஆணியடிக்க முடிகிற தேதி வேறு இல்லை.

பவுல் கடலுக்கு அக்கரையில் உள்ள எபேசு பட்டணத்துக்குப் போன பிறகுதான் தகராறு தொடங்குகிறது. "நான் பவுலைச் சேர்ந்தவன்", "நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்", "நான் கேபாவைச் சேர்ந்தவன்" என்று கட்சி. (கேபா என்றால் பேதுரு.) இதைப் பவுலிடம் போய்ச் சொன்னவர்கள் குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார். பவுல் அதை மறைக்கவில்லை, பெயரைச் சொல்லியே எழுதுகிறார். மொட்டைக் கடுதாசியை வைத்து அவர் பஞ்சாயத்து பண்ணவில்லை. (இதை வகுப்பில் சொல்லுவதா வேண்டாமா என்பது உன் பாடு.)

இந்தக் கட்சி விவகாரத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. உங்களில் கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர வேறொருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, நல்லவேளை என்கிறார். அடுத்த வரியிலேயே, ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்ததுண்டு, "இன்னும் வேறு யாருக்காவது நான் ஞானஸ்நானங் கொடுத்தேனோ இல்லையோ அறியேன்" என்கிறார். அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார். கடைசியில்தான் தன் கையால் வாழ்த்து எழுதுவதாகச் சொல்கிறார். ஸ்தேவானோ அப்போது எபேசுவில்தான் இருக்கிறார், அதே நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அவர் வந்தது பற்றி வருகிறது. "ஐயா, எங்கள் வீட்டை மறந்துவிட்டீர்களே" என்று அவரே பக்கத்திலிருந்து சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். இது என் கற்பனை, வகுப்பில் சொல்லாதே. ஆனால் சொன்னதைத் திருத்தி, திருத்தியதையும் அடிக்காமல் அப்படியே அனுப்பியிருப்பது, இது யாரோ பிற்காலத்தில் சோடித்தது அல்ல, ஒரு மனுஷன் கோபத்தில் அவசரமாகச் சொன்னது என்று எனக்கு நம்பிக்கை தருகிறது.

அப்பொல்லோவைப் பற்றியும் ஒரு வரி உண்டு. பேச்சு வன்மை உள்ள அலெக்சந்திரியாக்காரர். அவர் பெயரால் கட்சி நடக்கிறது. பவுல் அவரை "நீ போய்ப் பார்த்துவிட்டு வா" என்று வருந்திக் கேட்டும், இப்போது போக அவருக்கு மனமில்லை. ஏன் என்று எழுதவில்லை. போனால் தன் கட்சிக்காரர்கள் மாலை போட்டுவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

இனி நீ குறிப்பாகக் கேட்ட பதினோராம் அதிகாரம், சபையார் சேர்ந்து சாப்பிடுகிற பந்தியில் வந்த சண்டை. இதற்கு ரோமர் வீட்டின் அமைப்பு தெரிய வேண்டும். வசதியானவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மூன்று பக்கம் மஞ்சம் போட்டிருக்கும். ஒரு மஞ்சத்துக்கு மூன்று பேர், ஆக ஒன்பது பேர் சாய்ந்துகொண்டு சாப்பிடலாம். அதற்கு மேல் வந்தவர்களுக்கு முற்றம்தான். சபை என்று தனிக் கட்டிடம் கிடையாது, யாராவது வீட்டில்தான் கூடினார்கள். வீட்டுக்காரர் தம் தரத்துக்குத் தக்க நண்பர்களை உள்ளே அழைப்பார், மற்றவர்கள் வெளியே. உள்ளே பரிமாறுகிற பதார்த்தம் வேறு, வெளியே வேறு என்பதெல்லாம் அந்தக் காலத்து விருந்துகளில் சகஜம். இன்னொன்று, ஞாயிறு அன்றைக்கு விடுமுறை நாள் அல்ல. கான்ஸ்டன்டைன் அதை ஓய்வு நாளாக அறிவித்தது கி.பி. 321-இல். அடிமையும் துறைமுகக் கூலியும் வேலை முடிந்துதான் வர முடியும். அவர்கள் வந்து சேரும்போது உள்ளே இருப்பவர்கள் சாப்பிட்டுக் குடித்து முடித்திருப்பார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்பதை இப்படி வைத்துப் படித்துப் பார். பவுல் சொல்கிற பரிகாரமும் எளிமையானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள், அவ்வளவு பசியென்றால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். உங்கள் அசனப் பண்டிகையில் எல்லோரும் ஒரே சோறு ஒரே குழம்பு என்று உட்காருகிறீர்களே, அதை ஒருமுறை உன்னோடு வந்து சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பந்தியைக் கட்சி பிரிக்க விட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்பைப் பற்றிய பதின்மூன்றாம் அதிகாரத்தை நான் தொடப்போவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்து அச்சடித்து அதன் உறைப்பே போய்விட்டது. அன்பு எதையெல்லாம் செய்யாது என்று அதில் வருகிற பொறாமை, தற்புகழ்ச்சி, இறுமாப்பு எல்லாம் முந்தைய அதிகாரங்களில் கொரிந்துக்காரர்கள் மேல் அவர் சாட்டிய குற்றங்கள்தான் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போ.

பண விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் ஊரில் அதுதானே நெருப்பு. பவுல் கொரிந்தில் யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு கூடாரம் தைத்துச் சாப்பிட்டார். நமக்கு இது பெருமையாகத் தெரிகிறது. அங்கே பணக்காரர்களுக்கு இது அவமானம். கொடுக்கிறவன் புரவலன், வாங்குகிறவன் அவனுக்குக் கட்டுப்பட்டவன் என்பது ரோம ஒழுங்கு. என் கையால் வாங்க மறுக்கிறான் என்றால் என்னை மதிக்கவில்லை என்று பொருள். அதே சமயம் மக்கெதோனியாவிலிருந்து வந்த உதவியை அவர் வாங்கிக்கொண்டார், அது இன்னும் எரிச்சல். எருசலேம் ஏழைகளுக்கு அவர் காணிக்கை சேர்த்தபோது, நீங்களே ஆட்களைத் தேர்ந்தெடுங்கள், அவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன் என்று எழுதுகிறார். இரண்டாம் நிருபத்தில் இன்னும் வெளிப்படையாக, இந்தப் பணத்தில் எங்கள்மேல் யாரும் குறை சொல்லாதபடி எச்சரிக்கையாக இருக்கிறோம் என்கிறார். உங்கள் கமிட்டிக்கு வாசித்துக் காட்ட எட்டாம் அதிகாரம் இருபதாம் வசனம் போதும்.

இவ்வளவு எழுதியும் சண்டை தீர்ந்ததா? இல்லை. இதற்கு முன்பே ஒரு கடிதம் எழுதியிருந்தார், அது இப்போது இல்லை. இந்தக் கடிதத்துக்குப் பிறகு அவரே நேரில் போய், மனம் நொந்து திரும்பினார். பிறகு கண்ணீரோடு ஒரு கடிதம் எழுதி, அனுப்பியபின் வருத்தப்பட்டார். கடிதத்தில் புலி, நேரில் பார்த்தால் பூனை என்று அங்கே கேலி பேசினார்கள். பதில் தெரியாமல் துரோவாவில் இருப்புக் கொள்ளாமல், கடல் தாண்டி மக்கெதோனியா வந்து, அவருடைய கூட்டாளி தீத்து நல்ல சேதி கொண்டுவந்த பிறகுதான் மூச்சு வந்தது. இதெல்லாம் இரண்டாம் நிருபத்தில் இருக்கிறது. அதை அதிகம் பேர் வாசிப்பதில்லை, முதலாவதைவிட அதுதான் மனுஷனைக் காட்டுகிறது.

ஒன்று கவனித்தாயா? முதல் நிருபத்தில் தப்புச் செய்தவர் ஒருவர் பெயரும் இல்லை. தகப்பன் மனைவியை வைத்திருந்தவன், சகோதரன்மேல் வழக்குப் போட்டவன், பந்தியில் குடித்தவன், எல்லோரும் பெயரில்லாதவர்கள். தனக்கு நோவு உண்டாக்கியவனைப் பற்றி இரண்டாம் நிருபத்தில் எழுதும்போதும் "ஒருவன்" என்றுதான் சொல்கிறார். அவனுக்குக் கிடைத்த தண்டனை போதும், மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்கிறார். அவர்கள் திரும்பி வந்து உட்கார இடம் விட்டு எழுதியிருக்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உட்கார்ந்தார்கள் என்றுதான் தெரிகிறது. ரோமர் நிருபத்தை அவர் கொரிந்தில் இருந்துகொண்டுதான் எழுதினார் என்பது பெரும்பாலோர் கருத்து. அதில் தன்னை உபசரிக்கிறவராகக் காயுவைச் சொல்கிறார். கெங்கிரேயா சபையின் பெபேயாளை ரோமாபுரிக்கு அறிமுகம் செய்கிறார். அகாயாக்காரர்கள் எருசலேமுக்குக் காணிக்கை கொடுத்தார்கள் என்று சந்தோஷமாக எழுதுகிறார். அகாயா என்ற ரோம மாகாணத்தின் தலைநகரம் கொரிந்துதான்.

ஆனால் நாற்பது வருஷம் கழித்து மறுபடியும் அதே கதை. கி.பி. 96 வாக்கில் ரோமச் சபையிலிருந்து, அதன் தலைவர்களில் ஒருவரான கிளமெந்து பெயரால் கொரிந்துக்கு ஒரு நீண்ட கடிதம் போகிறது. மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள், அதற்குக் கண்டனம். அதில் "பவுல் எழுதிய நிருபத்தை எடுத்துப் பாருங்கள்" என்று வருகிறது. எடுத்துப் பாருங்கள் என்றால் என்ன? அது அவர்களிடம் இருந்தது. திட்டு வாங்கிய கடிதத்தைக் கிழித்துப் போடாமல், பிரதி எடுத்து மற்ற ஊர்களுக்கும் கொடுத்து, நாற்பது வருஷம் வைத்திருந்திருக்கிறார்கள். ரோமாபுரியிலும் அது தெரிந்திருக்கிறது. இதற்குப் பின், கி.பி. 170 வாக்கில் கொரிந்தின் பிஷப் தியோனீசியு ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை யூசேபியு என்ற வரலாற்றாசிரியர் எடுத்து வைத்திருக்கிறார். உங்கள் கடிதத்தை இன்று கர்த்தருடைய நாளில் வாசித்தோம், முன்பு கிளமெந்து வழியாக வந்ததைப் போலவே இதையும் எப்போதும் வாசிப்போம் என்கிறார். எழுபது வருஷத்துக்கு மேலாகியும், தங்களைக் கண்டித்து வந்த கடிதத்தைச் சபை நடுவே உரக்க வாசிக்கிற ஊர்! பவுலைப் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆயிரம் பேர் உண்டு. இந்தக் கொரிந்துக்காரர்களை யாராவது ஒரு நாள் புகழ்ந்திருக்கிறார்களா? உன் வகுப்பில் நேரம் இருந்தால் அவர்களுக்காக இரண்டு வார்த்தை பேசு. கட்சி கட்டினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், மூப்பர்களை இறக்கினார்கள், எல்லாம் உண்மைதான். இந்தத் தாள்கள் நமக்கு வந்ததும் அவர்களால்தான்.

கோர்ட்டு விஷயத்தில் உன் கருத்தை நீ எழுதவில்லை. சகோதரன்மேல் வழக்குப் போடுவதைக் கண்டிக்கிற ஆறாம் அதிகாரத்தை எடுக்கும்போது எப்படியும் கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள். வகுப்பு முடிந்ததும் விவரமாக எழுது. யார் யார் வந்தார்கள், யார் பாதியில் எழுந்து போனார்கள் என்பது உட்பட.

என்றும் அன்புடன்,
உன் விடுதித் தோழன்