மகளுக்கு, பக்லாவா பற்றி

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் உம்மா போனை வாங்கிக்கொண்டாள். அதனால் எழுதியே அனுப்பிவிடுகிறேன், அடுப்படியில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் வசதி.

பெருநாளைக்கு ஆபீஸில் எல்லாருக்கும் கொடுக்க பக்லாவா செய்யலாமா என்றாய், மெல்லிய மாவுத் தாளில் முந்திரி, பிஸ்தா மாதிரிப் பருப்பை வைத்துச் சுட்டுப் பாகு ஊற்றுகிற அந்த இனிப்பை. கையோடு, "கடையில் தாள் வாங்கிச் செய்தால் அது நான் செய்தது ஆகுமா வாப்பா?" என்றும் இழுத்தாய். தாராளமாக ஆகும். குவைத்தில் நான் வேலை பார்த்த இனிப்புக் கடையில் தாள் பெட்டி பெட்டியாக, உறைந்த கட்டியாகத்தான் வந்து இறங்கும். எங்களுக்குத் தலையாக இருந்த சிரியாக்காரர் சின்ன வயதிலிருந்தே அந்தத் தொழிலில் ஊறியவர். அவரே மாவு தேய்க்க உட்காரமாட்டார். அந்தப் பக்கம் வைத்த எழுத்து இந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மாவை மெல்லிசாக்க, துருக்கியில் அதற்கென்றே வளர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். காஸியாந்தெப் என்று ஒரு ஊர், சிரியா எல்லைக்குப் பக்கத்தில். அந்த ஊர் பக்லாவாவுக்கு 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது. துருக்கிப் பொருள்களில் அதை முதலில் வாங்கியது அதுதான். அவர்களோடு நாம் போட்டி போட வேண்டாம். தாளை அவர்களிடம் விட்டுவிடு. நெய், பருப்பு, பாகு மூன்றையும் நீ கவனி. ருசி அங்கேதான் இருக்கிறது.

பெர்லினில் உனக்கு இன்னொரு வசதி. நொய்கோல்ன், க்ரொய்ட்ஸ்பெர்க் பக்கம் துருக்கிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வெறுமனே யுஃப்கா என்று கேட்டால் பொரிப்பதற்கும் கீரை வைத்துச் சுருட்டுவதற்குமான தடித்த தாளைக் கொடுத்துவிடுவார்கள். பக்லாவாவுக்கான தாள் என்று சொல்லிக் கேள். அரைக் கிலோ அளவில் ஒரு கட்டு போதும். உறைந்த கட்டாக இருந்தால் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வை. காலையில் எடுத்து, பிரிக்காமலேயே ஒரு மணி நேரம் வெளியில் வை. அவசரப்பட்டு மைக்ரோவேவில் வைக்காதே; ஓரமெல்லாம் ஈரமாகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உரிக்கவே முடியாது.

பிரித்த நிமிடத்திலிருந்து தாளுக்குக் காற்று ஆகாது. மேலே ஒரு உலர்ந்த துணி, அதற்கும் மேலே பிழிந்த ஈரத்துணி, இப்படி மூடிக்கொண்டே வேலை பார். ஈரத்துணியை நேராகத் தாள்மேல் போட்டால் மேல் தாள் கூழாகிவிடும். சில தாள் கிழியத்தான் செய்யும். கிழிந்ததை உள்பக்கம் வைத்துச் சுருட்டினால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

நெய் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். அங்கே பலரும் வெண்ணெயை அப்படியே உருக்கித் தடவுகிறார்கள். வெண்ணெயில் இருக்கிற தண்ணீர் தாளை நமுக்க வைக்கும், அடியில் தங்குகிற பால் கசடு கருகிக் கறுப்புப் புள்ளி விழும். நம் வீட்டில் காய்ச்சுகிற நெய்யில் இரண்டும் கிடையாது. உப்பில்லாத வெண்ணெய் வாங்கி நீயே காய்ச்சு. இருநூறு கிராம் நெய் கிடைக்கிற மாதிரி பார்த்துக்கொள். முடியாவிட்டால் அங்கே புட்டர்ஷ்மால்ட்ஸ் என்று விற்பதும் தண்ணீர் நீக்கியதுதான். ஆனால் அதில் நம் நெய் வாசனை வராது, சொல்லிவிட்டேன்.

பருப்புக்கு முந்நூறு கிராம் வேண்டும். பிஸ்தாதான் ராஜா. காஸியாந்தெப்பில் முற்றுவதற்கு முன்பே பறித்த பச்சைப் பிஸ்தாவைப் போடுவார்கள், நிறமும் மணமும் அதில்தான் தூக்கல். விலையும் அப்படியே. நீ முந்திரியே போடு. எங்கள் கடையில் லெபனான்காரர்கள் தேடி வந்து வாங்கியது முந்திரி வைத்த விரல் பக்லாவாதான். மேலே தூவ மட்டும் ஒரு கைப்பிடி பிஸ்தா வாங்கு. வால்நட்டும் நன்றாக இருக்கும், ஆனால் வாங்குமுன் ஒன்றைக் கடித்துப் பார். காறல் அடித்தால் அந்தப் பக்கமே போகாதே. முந்திரியை வறுக்காதே, அடுப்பில் தானாகச் சிவக்கும். மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றி, ஒன்றிரண்டாகப் பொடி. ஒரே மூச்சாக ஓட்டினால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும். இரண்டு கரண்டி சர்க்கரை, கொஞ்சம் ஏலக்காய் சேர். சிரியாக்காரர் ஏலக்காய்க்கு முகம் சுளிப்பார். அவர் இப்போது பெர்லினில் இல்லை, நீ போடு.

அடுக்கி வெட்டுகிற வகையை விட்டுவிட்டு, முதல் தடவைக்குச் சுருள் வகையே செய். ஒரு தாளை அகல வாக்கில் விரித்து நெய் தடவி இரண்டாக மடி. மறுபடியும் லேசாக நெய். உன் பக்கத்து ஓரத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பருப்பைத் தூவு. அதன்மேல் ஒரு மெல்லிய குச்சி வேண்டும். நீளமான மரக்கரண்டியின் காம்பு போதும். குச்சியோடு சேர்த்துத் தளர்வாகச் சுருட்டு, இறுக்காதே. சுருட்டி முடித்ததும் இரண்டு முனையிலும் கையை வைத்து நடுவை நோக்கி மெதுவாகத் தள்ளு. சேலைக்குக் கொசுவம் வைத்தது போல வரி வரியாகச் சுருங்கும். அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு குச்சியை உருவிவிடு. பாகு போய்த் தங்குவது அந்த வரிகளில்தான். நெய் தடவிய தட்டில் சுருள்களை ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கி, அடுப்பில் வைக்கும் முன்பே கூரான கத்தியால் இரண்டு விரல் நீளத் துண்டுகளாக வெட்டிவிடு. வெந்தபிறகு வெட்டினால் நொறுங்கித் தூளாகும். மிச்ச நெய்யை மேலே ஊற்று.

ஓவனில் 175 டிகிரியில், நடுத்தட்டில், முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம். உன் அடுப்பில் காற்றாடி ஓடும் என்றால் இருபது டிகிரி குறைத்துக்கொள். மேலே சிவந்ததைப் பார்த்து ஏமாறாதே, ஒரு துண்டைத் தூக்கி அடியைப் பார். அடியும் பொன்னிறமாக இருந்தால்தான் வெந்தது என்று அர்த்தம்.

பாகை இதற்கெல்லாம் முன்னாலேயே காய்ச்சி ஆறவை. முந்நூறு கிராம் சர்க்கரைக்கு இருநூறு மில்லி தண்ணீர். கொதி வந்தபிறகு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அது சர்க்கரை மறுபடி பூத்துப்போகாமல் காக்கும். பதம் உனக்குத் தெரிந்ததுதான், குலாப் ஜாமூனுக்கு வைக்கிற பிசுபிசுப்பு. கம்பி விட்டால் தாண்டிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் விட்டு இறக்கு. கடைசியில் ஒரு கரண்டி ரோஜாப் பன்னீர். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு பக்லாவாமேல் ஆறிய பாகைக் கரண்டி கரண்டியாக ஊற்று. சுர்ரென்று சத்தம் வரவேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் தாள் தொளதொளத்துப் போகும், இரண்டும் ஆறிப்போனால் பாகு உள்ளே இறங்காது. ஒன்று சூடு, ஒன்று ஆறல், அவ்வளவுதான்.

இதுவும் பெரிய வேலையாகத் தோன்றினால் பிளெட்டர்டைக் என்று அங்கே விற்கிற பஃப்ஸ் மாவை வாங்கிச் சதுரமாக வெட்டி, ஒரு கரண்டி பருப்பு வைத்து முக்கோணமாக மடித்து, 200 டிகிரியில் சிவக்கவிட்டு, சூட்டில் தேன் தடவிக் கொடு. அந்த மாவிலேயே கொழுப்பு இருக்கிறது, நெய் வேண்டாம். நல்லாத்தான் இருக்கும். பக்லாவா என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதே.

உன் ஆபீஸில் துருக்கிப் பையன் ஒருவன் இருக்கிறான் என்றாயே, அவனிடம் ஒரு கதை சொல். உதுமானிய சுல்தான்கள் காலத்தில், ரமலான் பதினைந்தாம் நாள், தோப்காப்பி அரண்மனைச் சமையலறையிலிருந்து ஜானிசாரிப் படைக்கு பக்லாவா போகுமாம். பத்துப் பேருக்கு ஒரு தட்டு. படையினர் அதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகத் தெருவில் நடப்பார்கள். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஆனாலும் கீழக்கரைப் பெண் சொன்னால் சந்தோஷப்படுவான்.

பெருநாளுக்கு முந்தின நாள் மாலையே செய்துவிடு. ஒரு இரவு ஊறினால்தான் சரியாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதே, நெய் உறைந்து தாளும் நமுத்துவிடும். வெளியில் மேலோட்டமாக மூடி வை. எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிச் சொல். இருபது பேரைத் தாண்டினால் இன்னொரு கட்டுத் தாள் வாங்கு. உம்மா தொதல் கிண்டி அனுப்புகிறேன் என்கிறாள். பார்சல் பெருநாளுக்குள் வந்து சேராது என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன், தேங்காய் உரித்து வைத்தாயிற்று. நீயே போன் பண்ணிப் பேசிக்கொள்.

உன் வாப்பா