அம்மா பரவாயில்லை, நான்தான்…

தம்பிக்கு அப்பா எழுதுவது,

போனில் சொல்ல வந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். அம்மா எப்படி இருக்காங்க என்று தினமும் கேட்கிறாய், நானும் பரவாயில்லை என்கிறேன். அம்மா பரவாயில்லைதான். எனக்குத்தான் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மக்களைத் தேடி மருத்துவத்தில் இருந்து வரும் பெண் (வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டம்) அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, "நீங்களும் கையை நீட்டுங்கப்பா" என்றாள். பிரஷர் 170/100. மூன்று வாரமாக என் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது. அலட்சியம் இல்லை தம்பி, காலையில் அம்மாவைத் துடைத்து, ராகிக் கூழை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்து, உடனே படுக்க வைத்தால் புரையேறும் என்று அரை மணி நேரம் சாய்த்து உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தால் பத்து மணி, எனக்கென்று ஒரு மாத்திரை இருப்பதே நினைவில் இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்கார்ந்ததால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போக முடிந்தது.

ராத்திரிதான் கஷ்டம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், 12, 2, 4 என்று அலாரம். பக்கவாதம் வந்து 14 மாதம், ஒரு புண்கூட இல்லை, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் போன வாரம் கூழைத் துப்பிவிட்டாள் என்று கத்திவிட்டேன். பதில் பேச முடியாதவள், அந்த இடது கையால் என் முழங்கையைத் தடவினாள். அன்றிலிருந்து அதுவே மனசில் நிற்கிறது.

நீ அனுப்பும் பணம் போதும். எனக்குத் தூக்கம் வேண்டும். அக்கா இரண்டு முறை வந்து பத்துப் பத்து நாள் இருந்தாள், மாமியார் வீட்டையும் அவள் பார்க்கணும், பெண்பிள்ளைதான் செய்யணும் என்று இருக்கிறதா என்ன? பெங்களூரில் இருந்து 90 கிலோமீட்டர்தான். மாதம் ஒரு சனி, ஞாயிறு வா. துடைப்பது, பேட் மாற்றுவதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்குக் கூச்சம் வேண்டாம். ராத்திரி அலாரம் மட்டும் உன் போனில் அடிக்கட்டும். சனிக்கிழமை பிசியோதெரபிக்காரர் வருவார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள், அப்படியே தூக்கினால் இடுப்பு போய்விடும், அடியில் மடித்துப் போட்ட பெட்ஷீட்டைப் பிடித்துத்தான் திருப்பணும்.

மாத்திரை போட ஆரம்பித்துவிட்டேன். வரும்போது பழைய காட்டன் வேட்டி இருந்தால் எடுத்து வா, விரிப்புக்கு ஆகும்.

அப்பா