கேபிள் டிவி ஆபரேட்டர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். கூட்டம், மினிட்ஸ் எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, அதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, இந்த வருசம் நம்மள ஆட்டி வச்சது செல்போன் டவர் பிரச்சனைதான்.

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் 5ஜி வந்தப்புறம் சில கண்ட்ரோல் ரூம்ல படம் கட்டம் கட்டமா உடைய ஆரம்பிச்சுது, ரிசீவர மாத்தி, கேபிள மாத்தி, டிஷ்ஷ திருப்பி எல்லாம் பாத்தாச்சு, கடைசில கோளாறு எல்என்பிலதான்னு தெரிஞ்சுது, அதான் டிஷ் முன்னாடி உக்காந்து சிக்னல வாங்கி பெருக்கிக் குடுக்குற பெட்டி. 2022 ஏலத்துல 5ஜிக்கு போன அலைவரிசைல நமக்குப் பக்கத்துல வர்றது 3300ல இருந்து 3670 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், நம்ம சேட்டிலைட் சேனல் இறங்குறது சி பேண்டுங்குற அலைவரிசைல, 3700ல இருந்து 4200 வரைக்கும். பேப்பர்ல பாத்தா நடுவுல 30 மெகாஹெர்ட்ஸ் சும்மா கெடக்கு, யாரும் யார் எடத்துக்குள்ளயும் வரல. ஆனா நம்மகிட்ட இருக்குற பழைய எல்என்பி 3400லேர்ந்தே வாய தொறந்து வாங்குற சாதி. சேட்டிலைட் சிக்னல் 36,000 கிலோமீட்டர் தாண்டி தேஞ்சு வருது, டவர் நாலு வயல் தள்ளி நிக்குது, மேடு மலைன்னு மறைக்க நம்ம ஊர்ல எதுவும் கெடையாது, எல்என்பி திணறிப் போயி நல்ல சேனலையும் சேத்து விட்டுடுது.

அதனால டவர்காரங்ககிட்ட சண்டைக்குப் போறத நிறுத்துங்க, அவங்க அவங்க பேண்ட்லதான் இருக்காங்க. டிஷ்ல பட்டு வர்ற சிக்னல வாங்குற குழல் பீட்ஹார்ன், அதுக்கும் எல்என்பிக்கும் நடுவுல டவர் சிக்னல தடுக்குற 5ஜி பில்டர் போட்டவங்களுக்கு படம் உடையாம ஓடுது. ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, 3700க்கு கீழ ஏதாவது சேனல் எடுத்துக்கிட்டு இருந்தா அது பில்டர் போட்டதும் போயிடும்.

செலவுதான் வயித்தெரிச்சல். அமெரிக்காவுல 3700லேர்ந்து 3980 வரைக்கும் ஏலம் விட்டப்போ, பதிவு பண்ணி வச்சிருந்த டிஷ்ஷுக்கெல்லாம் மாத்துற செலவ ஏலம் எடுத்த கம்பெனிங்கதான் குடுத்துச்சு, இங்க நம்ம கைக்காசு. சில பேரு இந்த டிஷ்ஷ கழட்டிட்டு டிடிஎச் மாதிரி கேயூ பேண்ட்டுக்கு போயிடலாமேன்னு கேட்டாங்க, அது சி பேண்டுக்கு மேல இருக்குற அலைவரிசை, மழைல சீக்கிரம் தேஞ்சு போயிடும், ஐப்பசி கார்த்திகை மழைல டிடிஎச் வீட்ல படம் போயி நம்ம கனெக்ஷன்ல ஓடுறது சி பேண்ட் புண்ணியத்துலதாங்க, அத விட்டுட்டா நம்மள யாரு தேடுவா?

டவர் தெரியுற மாதிரி டிஷ் வச்சிருக்கறவங்க எடம், எல்என்பி மாடல் ரெண்டையும் எழுதி என்கிட்ட குடுங்க, பில்டர மொத்தமா வாங்குனா வெல குறையும். சந்தா பாக்கி வச்சிருக்கறவங்க பேர நான் படிக்கல, பொருளாளர் கணக்கோட சேத்து படிப்பாரு.