ரைல்ஸ் வாங்குமுன் குழியையும் கதவையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மீள்குடியேற்றத்தின் பின் வன்னியில் கட்டப்பட்ட 550 சதுர அடித் திட்ட வீடுகளைத் திருத்தும்போது, வளவின் பின்மூலையில் நிற்கும் மலசலகூடத்துக்குப் பதிலாக வீட்டோடு ஒட்டிக் குளியலறை இறக்குகிறார்கள். மழை இரவில் முதியவர்கள் முற்றம் கடக்கத் தேவையில்லை, நல்ல வேலைதான். ஆனால் ரைல்ஸ் கடையில் தொடங்கி மலக்குழியில் முடிக்கிறார்கள். குழியில்தான் தொடங்கவேண்டும்.

கிணற்றிலிருந்து 50 அடிக்குள் ஊறுகுழி, அதாவது கழிவுநீர் மண்ணுக்குள் ஊறும் குழி, வேண்டாம். 60 அடி கிடைத்தால் இன்னும் நல்லது. அளக்கும்போது பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள். பழைய குழியையே பாவிப்பதென்றால் தண்ணீர் மட்டக் குழாய் பிடித்து உயரம் பாருங்கள். 4 அங்குலக் கழிவு பைப் 40 அடிக்கு 1 அடி இறங்கவேண்டும். குழி 50 அடி தள்ளி இருந்தால் 15 அங்குலம் இறக்கம் தேவை. அது இல்லையென்றால் குளியலறைத் தரையை உயர்த்துவதா, புதுக்குழி வெட்டுவதா என்பதை அத்திவாரம் போடுமுன்னரே தீர்மானியுங்கள். பைப் திரும்பும் இடத்தில் ஒரே 90 பாகை முழங்கை வேண்டாம். இரண்டு 45 பாகை முழங்கைகளும் திறந்து பார்க்க ஒரு சிறு தொட்டியும் வையுங்கள்.

குளத்துக்குக் கீழான வயற்காணிகளிலும் களிமண் நிலத்திலும் மாரியில் நிலத்தடி நீர் மேலேறிக் குழி ஊறாமல் நிற்கும். அப்போது கழிவு பின்னால் தள்ளி, வீட்டுக்குள் மிகப் பதிவான வாயால் வரும். அந்த வாய் கொமோட் அல்ல, குளிக்கும் இடத்தின் தரை வடி. ஆகவே குளிக்கும் நீரை மலக்குழிக்கு விடவே கூடாது. 2 அங்குல பைப்பில் தனியாக எடுத்து, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் வாழைக்கோ தென்னைக்கோ விடுங்கள். குழிக்குப் போகும் நீரும் பெருமளவு குறையும். தரை வடியின் கீழ், நாற்றத்தை மறிக்க 2 அங்குலம் நீர் நிற்கும் பொறி வேண்டும். கோடையில் பாவிக்காத அறையில் அது வற்றினால் நாற்றம் வரும். ஒரு வாளி நீர் ஊற்றினால் போதும்.

அடுத்தது, யார் பாவிக்கப் போகிறார்கள் என்பது. போரில் காலிழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதித்தவர்களும் வாழும் மண் இது. இருந்தும் 2½ அடிக் கதவு வைத்து, அதையும் உட்பக்கம் திறக்க விடுகிறார்கள். உள்ளே ஒருவர் விழுந்தால் அந்தக் கதவைத் தள்ளவும் முடியாது. நிலை போக 3 அடி இடைவெளி விட்டு, வெளிப்பக்கம் திறக்க வையுங்கள்.

7 அடி அகலம், 8 அடி நீளம் இருந்தால் சக்கர நாற்காலி திரும்பத் தேவையான 5 அடி வட்டம் கிடைக்கும். கதவுக்கு எதிர்ச்சுவரில் இடதுபக்கம் கொமோட், அதன் நடு பக்கச் சுவரிலிருந்து 18 அங்குலம். வலதுபக்கம் குளிக்கும் இடம். இடையில் கட்டோ கண்ணாடியோ வேண்டாம், நாற்காலியிலிருந்து மாறி உட்காரும் இடமும் அதுதான். பேசின் கதவுக்கு அருகே, கீழே அலுமாரி இல்லாமல். தரை, வடியை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிய, வாசலில் அரை அங்குலத்துக்கு மேல் படி இருக்கக்கூடாது.

பிடிகம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்தில் வரவேண்டும். உள்ளே குழியுள்ள சீமெந்துக் கல்லில் ஆணி அடித்தால் ஆளின் பாரத்தில் ரைல்ஸோடு கழன்று வரும். பூசுமுன்னரே அந்த இடத்துக் கற்களைக் கொங்கிறீற்றால் நிரப்புங்கள். சாதாரண கொமோட் நாற்காலியைவிடப் பதிவு. அதை 2, 3 அங்குலக் கொங்கிறீற் மேடையில் ஏற்றினால், சுவருக்குள் போகும் வகையில் வெளிவாயும் அதே அளவு உயரும். பைப்பை அதற்கேற்ப வைக்கவேண்டும். தரைக்குள் இறங்கும் வகையென்றால் சுவருக்கும் பைப் வாய்க்கும் இடையிலான தூரத்தைப் பூசாத வெறுங்கல்லிலிருந்து அளக்காதீர்கள். பூச்சும் ரைல்ஸும் ஓர் அங்குலத்துக்கு மேல் எடுத்துவிடும், கொமோட் சுவரில் முட்டும். மொடலை முதலில் வாங்கிவிட்டு பைப் புதையுங்கள்.

தண்ணீர் விடயத்திலும் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஏமாறவேண்டாம். தாங்கியின் அடி 10 அடியில், சவர் 7 அடியில் என்றால் மிஞ்சுவது 3 அடி அமுக்கம். அகலமான மழைச்சவர் சொட்டத்தான் செய்யும். சுண்ணாம்பு கூடிய கிணற்று நீரில் அதன் துளைகளும் விரைவில் அடைபடும். முக்கால் அங்குல பைப்பைக் குளியலறை வரை கொண்டுவந்து குழாயடியில் மட்டும் அரை அங்குலமாக்குங்கள்.

நீர்த்தடுப்புப் பூச்சு பூசியபின், வடியை அடைத்துத் தரையில் ஓர் அங்குலம் நீர் கட்டி 24 மணித்தியாலம் விடாமல் ரைல்ஸ் ஒட்ட அனுமதிக்காதீர்கள்.

பிரதேச சபைகள் வரைபட அனுமதிக்கு வருவோரிடம், சக்கர நாற்காலி திரும்பும் ஒரு குளியலறை மாதிரி வரைபடத்தை அளவுகளோடு கொடுக்கலாம். குழி வெட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டும்படியும் அதே தாளில் எழுதலாம்.

கட்டட மேற்பார்வையாளர்கள் சிலர்,
கிளிநொச்சி.