கசெட்டைத் தூக்கி எறியாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கொழும்பு வீடுகளில் அலுமாரிக்கு மேலும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்த வீஎச்எஸ் கசெட்டுகளிலிருந்து பழைய கார்ட்டூன்களையும் அனிமேகளையும் கணினிக்கு மாற்றும் வேலையில் முதல் தொகுதி முடிந்திருக்கிறது. கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி. யார் என்ன செய்தார்கள், அது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இன்னும் கசெட் வைத்திருக்கும் வீடுகளுக்கு அந்த விவரம் உதவும்.

முதல் நன்றி கசெட் தந்த வீட்டாருக்கு. "இதெல்லாம் இப்ப தெளிவான படமாகவே கிடைக்குதே, இந்தக் கோடு விழுந்ததை வைத்து என்ன செய்யப் போறீங்கள்?" என்று பலர் கேட்டீர்கள். படம் கிடைக்கிறது, உண்மைதான். 1974இல் ஜப்பானில் ஒளிபரப்பான 'ஹைடி' அனிமேயின் 52 அத்தியாயங்களும் புதுப்பித்த வட்டுகளாக வந்துவிட்டன. அந்த வட்டுகளில் நம் நாட்டில் பேசிய குரல் இல்லை. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த முன்னின்று சிங்களத்துக்குக் குரல் மாற்றிய டாக்டர் டூலிட்டில் கார்ட்டூனை, 'தொஸ்தர ஹொந்த ஹித' என்ற பெயரிலேயே கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளும் பார்த்து வளர்ந்தார்கள். அப்படிப்பட்ட குரல்களும், நடுவில் வந்த விளம்பரங்களும், அறிவிப்பாளரின் இரண்டு வரிகளும் எந்த வெளிநாட்டு வட்டிலும் வரப்போவதில்லை. அன்று யாரோ ஒருவர் வீட்டில் ரெக்கோட் பொத்தானை அழுத்தியிருந்தால்தான் உண்டு.

அதிலும், கசெட்டின் முதுகுப் பக்கத்திலுள்ள சிறிய பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிட்டு வைத்த பெற்றோருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்தத் தாவல் போய்விட்டால் டெக் (கசெட்டை ஓட்டும், பதியும் இயந்திரம்) பதிவு செய்ய மறுத்துவிடும். அதனால்தான் உங்கள் கார்ட்டூன்மேல் கிரிக்கெட்டோ கலியாண வீடோ பதியாமல் தப்பியது. லேபிளில் திகதியும் அலைவரிசையும் எழுதி வைத்தவர்கள் எங்களுக்குப் பாதி வேலையைக் குறைத்துத் தந்தீர்கள். சிங்களத்தில் எழுதியிருந்த லேபிள்களை வாசித்துத் தந்த மருதானை நண்பர்களையும் மறக்கவில்லை.

அடுத்தது வெள்ளவத்தையில் தன் வீட்டு விறாந்தையை விட்டுத் தந்த அக்காவுக்கு. பூஞ்சணம் பிடித்த கசெட்டை மூடிய அறைக்குள் திறக்கவே கூடாது. கசெட்டின் ஜன்னல் வழியே பாருங்கள்: சுற்றிய நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூளோ மெல்லிய இழைகளோ தெரிந்தால், "ஒருமுறை போட்டுப் பார்ப்பம்" என்று டெக்கில் போடாதீர்கள். அந்தத் தூள் நாடாவை வாசிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் தொற்றும். ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் வளரத் தொடங்கும். கொழும்பில் பெரும்பாலான நாட்கள் அதற்கு மேல்தான்.

செய்யும் முறை இது. முதலில் மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் இரண்டு மூன்று கிழமை வைக்க வேண்டும். ஈரமான பூஞ்சணத்தைத் துடைத்தால் அது நாடாவில் அப்பிக்கொள்ளும்; காய்ந்து தூளானால்தான் உதிரும். பிறகு காற்றோட்டமான இடத்தில், என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, அடியிலுள்ள ஐந்து ஸ்குரூவையும் கழற்றி மேல்மூடியைத் தூக்க வேண்டும். நாடா எந்த உருளைக்கு வெளியே, எந்தக் கம்பிக்கு உள்ளே போகிறது என்பதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்த பிறகே சுருளில் கை வையுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் இலேசாக நனைத்த, நூல் உதிராத துணிக்கு இடையே நாடாவை மெதுவாக ஓடவிட்டு மறு சுருளில் சுற்ற வேண்டும். பாமசியில் வாங்கும் 70 சதவீத ஸ்பிரிட் சரிவராது; அதிலுள்ள தண்ணீர் நாடாவில் தங்கிவிடும். துடைத்த சுருள்களைப் பழைய கூட்டுக்குள் திரும்ப வைக்கவும் கூடாது. வேறு சுத்தமான கூடு வேண்டும். அந்தக் கூடுகளைப் பெட்டி பெட்டியாகத் தந்தவர் கொட்டாஞ்சேனையில் முன்பு வீடியோக் கடை வைத்திருந்த அண்ணை. அவர் இல்லையென்றால் பாதிக் கசெட்டுகள் துடைத்த நிலையிலேயே நின்றிருக்கும்.

புறக்கோட்டையில் டெக் திருத்தும் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016இல் அதை நிறுத்திவிட்டது. இனி இருப்பதைத் திருத்தினால்தான் வழி. கசெட்டை உள்ளிழுத்து, சில விநாடி ஓடி, தானாகவே நின்றுவிடும் டெக்குகளைப் பலர் "ஹெட் போச்சு" என்று கழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பழுது ஹெட்டில் இருக்காது என்று ஐயா காட்டினார். சுருளைச் சுழற்றும் ஐட்லர் சில்லின் ரப்பர் இறுகி வழுக்குகிறது. சுருள் சுற்றவில்லை என்று சென்சர் சொன்னதும் இயந்திரம் நாடாவைக் காப்பாற்ற நின்றுவிடுகிறது. ரப்பர் வளையத்தையும் பெல்டையும் மாற்றி, கல்லாகிப்போன பழைய கிரீஸைச் சுரண்டிப் புதிது போட்டால் ஓடும். விளக்கே எரியாத டெக்குகளில் மின்வழங்கியின் கப்பாசிற்றர்கள் காய்ந்திருக்கும். கடற்காற்றுப் படும் வீடுகளில் லோடிங் சுவிட்சின் தொடுகைகளும் பச்சை பிடித்திருக்கும்.

ஹெட் துடைக்கவும் ஐயாதான் பழக்கினார். பஞ்சுக் குச்சி வேண்டாம். அதன் நார் ஹெட் முனையில் சிக்கும். ஷமோய் என்ற மிருதுவான தோலை அற்ககோலில் நனைத்து, ஹெட் பொருத்திய உருளையின்மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையை மற்றக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை ஒடியும், பிறகு திருத்தம் இல்லை.

வெளிநாட்டு உறவுகளுக்கும் நன்றி. லண்டனிலிருந்து வந்த கசெட்டுகள் இங்குள்ளதுபோல் 'பால்' (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறையிலேயே இருந்தன. பாரிஸ் கசெட் செக்காம் (SECAM) என்ற வேறு முறையில் இருந்தால் நம் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். ரொறன்ரோ கசெட் என்டிஎஸ்சி (NTSC) முறை. அதைப் பல முறைகளையும் ஓட்டும் டெக்கில் போட்டு நேரே ரீவியில் பார்க்கலாம். ஆனால் அந்த டெக் தரும், இரு முறைகளும் கலந்த அலையை, கணினியில் வீடியோ பதியும் பல அட்டைகள் ஏற்பதில்லை, வண்ணம் போய்விடும். அதற்காகவே கனடாவிலிருந்து ஒரு டெக்கைப் பயணப் பெட்டியில் கொண்டுவந்து தந்த அன்ரிக்கு மிக்க நன்றி. இதேபோல் கொண்டுவர நினைப்பவர்கள் கவனிக்க: அது 120 வோல்ட் இயந்திரம். வோல்டேஜ் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நிமிடமே எரிந்துவிடும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வேலை செய்யும் தம்பிமார் பழைய கணினியையும் ஹார்ட் டிஸ்க்குகளையும் ஏற்பாடு செய்து தந்தார்கள். நல்ல வேளை, வீடியோவைக் கணினிக்குள் எடுக்கும் மலிவான யூஎஸ்பி குச்சிகளை வாங்க விடவில்லை. பழைய நாடாவில் படத்தின் ஒவ்வொரு வரியும் துவங்கும் நேரம் தள்ளாடும். மலிவுக் குச்சி அதில் தடுமாறிப் படச் சட்டங்களை (ஃபிரேம்) தவறவிடும், ஒலியும் படமும் விலகிப் போகும். டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 போன்ற டிவிடி ரெக்கோடரை வெறும் வழிப்பாதையாக வைத்தால் அது வரிகளை நேராக்கித் தரும். வேர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில், தரம் இழக்காத ஹஃப்வையூவி முறையில், 720க்கு 576 அளவில் பதிந்தால் மணிக்குச் சுமார் 30 ஜிபி போகும். இடம் போகட்டும். முதல் பதிவைத் தரம் குறையும்படி சுருக்கக் கூடாது.

கார்ட்டூனுக்கென்றே ஒரு எச்சரிக்கை. அனிமே பெரும்பாலும் விநாடிக்கு எட்டோ பன்னிரண்டோ ஓவியங்களில்தான் நகர்கிறது, ஆகவே அசையாத கோடு திரையில் நெடுநேரம் நிற்கும். புள்ளி நீக்கும் மென்பொருள்கள் அந்த மெல்லிய மைக்கோட்டையும் புள்ளியோடு சேர்த்துத் தின்றுவிடும். பிலிமிலிருந்து நேரே பால் முறைக்கு வந்த கார்ட்டூனுக்கு, அரைச்சட்டங்களிலிருந்து புதுச் சட்டங்களைக் கணித்து உருவாக்கும் டீஇன்டர்லேஸ் தேவையே இல்லை, இரண்டு அரைச்சட்டங்களையும் சரியாகச் சேர்த்தால் முழுச் சட்டம் கிடைத்துவிடும். சிவப்புச் சட்டையின் நிறம் ஓரம் தாண்டி வழிவது வீஎச்எஸ்ஸின் இயல்பு. அதை விட்டுவிடலாம் என்பதே எங்கள் கருத்து.

கடைசியாக, ஒலிக்காகப் பொறுமையோடு உட்கார்ந்தவர்களுக்கு. எங்களுக்கு இதுவே உயிரான பகுதி. சாதாரண வீட்டுப் பதிவில் ஒலி, நாடாவின் மேல் ஓரத்து ஒடுங்கிய தடத்தில் இருக்கிறது. பூஞ்சணமும் கசங்கலும் முதலில் தாக்குவது ஓரத்தைத்தான். அதனால் படம் நன்றாக இருக்கும்போதே குரல் போய்விடும். குரல் மந்தமாகக் கேட்டால், ஒலி ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் திருகைப் பழைய இடத்தைக் குறித்துக்கொண்டு, 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகும் வரை இம்மியளவு திருப்ப வேண்டும். வேலை முடிந்ததும் குறித்த இடத்துக்கே திருப்பிவிட வேண்டும்.

பழைய குரலைப் புதிய தெளிவான படத்தோடு சேர்க்க விரும்புவோர் கவனிக்க: விநாடிக்கு 24 சட்டங்களில் எடுத்த பிலிம் பால் முறையில் 25ஆக ஓடுகிறது. 24 நிமிட அத்தியாயம் ஏறத்தாழ 23 நிமிடத்தில் முடிகிறது, இசையின் சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறுகிறது. ஆனால் இங்கே குரல் கொடுத்தவர்கள் அந்த வேகமான படத்தைப் பார்த்தே இயல்பாகப் பேசினார்கள். ஒலி முழுவதையும் வேகம் குறைத்தால் இசை சரியாகும், பேசியவரின் குரலோ தடித்துப் போகும். நாங்கள் நீளத்தை மட்டும் நீட்டி, சுருதியை அப்படியே வைத்தோம். இசையைவிடக் குரல்தான் எங்களுக்கு முக்கியம். ஜப்பானிய என்டிஎஸ்சி நாடாவிலிருந்து மாற்றி ஒளிபரப்பானவற்றில் இந்த வேக வித்தியாசம் இருக்காது, ஆகவே முதலில் அத்தியாயத்தின் நீளத்தை அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள்.

உங்கள் கசெட்டுகளும் அவற்றின் கொப்பியும் உங்கள் வீட்டுக்கே வந்து சேரும். இணையத்தில் எதையும் ஏற்றவில்லை. வந்ததும் முழுதாகப் பின்சுற்றி, புத்தகம்போல் நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம். வேலை செய்யாத டெக் வீட்டில் இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். ஐயாவுக்கு உதிரிப்பாகங்கள் தேவைப்படுகின்றன.

நன்றியுடனும் அன்புடனும்,
கொழும்புக் கார்ட்டூன், அனிமே இரசிகர்கள்