ஆண்டறிக்கை 2024–25: செயற்கைப் பாரும் நம் தூண்டில் தொழிலும்

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழு உறுப்பினர்கள், தூண்டில் தொழிலாளர்கள், மீன்விற்கும் தாய்மார்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அடையாள அட்டை, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தொடர்பான மனுக்களின் நிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. இந்த அறிக்கை செயற்கைப் பாரைப் பற்றியது மட்டும்தான். பார் என்பது மீன் ஒதுங்கும் கடலடிப் பாறைத்திட்டு; அதுபோல மீன் ஒதுங்கக் கடலடியில் இறக்கும் கான்கிரீட் கட்டுகளே செயற்கைப் பார். இந்த ஆண்டில் செயற்குழு அதிகம் பேசியதும் அதைப் பற்றியே.

நம் குமரி மாவட்டக் கரையின் மேற்கு எல்லையான நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். அங்கிருந்து வர்க்கலை வரை திருவனந்தபுரம் மாவட்டத்தின் 42 மீனவ கிராமங்களுக்கு, பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் 13.02 கோடி ரூபாயில் செயற்கைப் பார் இறக்கும் பணி 2023இல் தொடங்கியது. கிராமத்துக்கு 150 வீதம் மொத்தம் 6,300 கான்கிரீட் கட்டுகள். முக்கோணம், பூ, குழாய் என மூன்று வடிவம். ஆழம் 12 முதல் 15 பாகம், அதாவது 22 முதல் 27 மீட்டர். அந்தக் கரையின் தூண்டில்காரர்கள் அரசுத் திட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கல்லும் மரக்கட்டையும் போட்டுத் தாங்களாகவே பார் உண்டாக்கியவர்கள். விசைப்படகுகள் கடலடியில் இழுக்கும் இழுவைமடி வலை இயற்கைப் பாரை அரித்துக்கொண்டு போனதற்கு அவர்கள் கண்ட மாற்று அது.

நம் பக்கத்துக்கும் பார் வேண்டும் என்பதில் செயற்குழுவில் இரண்டு கருத்து இல்லை. பார் கரைக்குப் பக்கத்தில் இருந்தால் எண்ணெய் மிஞ்சும். 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் குடிக்கிறது. போக வர ஒவ்வொரு மணி நேரம் குறைந்தால் நாளுக்கு 8 லிட்டர். இரண்டு பேர் போகும் வள்ளத்தில் அது ஒரு ஆள் பங்கைக் காப்பாற்றும். கலவா, விளமீன், பாரை மீன், கணவாய் என்று பாரில் படுவது கொஞ்சமானாலும் உயிர்த்துடிப்போடு கரை சேருகிறது. ஐஸ் வாங்க வழியில்லாமல் அன்றே விற்றாக வேண்டிய நம் பெண்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் கட்டுகளை இறக்கிவிட்டால் மட்டும் சிறு தொழிலாளிக்கு மீன் வந்துவிடாது. பாரின் மேல் யார், என்ன கருவியோடு போகிறார் என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். புதுப் பாரில் முதலில் வருவது வழிப்போக்கு மீன். நிழலும் ஒதுங்க இடமும் கிடைப்பதால் பாரை மீனும் ஊளி மீனும் கூடுகின்றன. அது அங்கே பிறந்த மீன் இல்லை, சுற்றுக்கடலில் சிதறிக் கிடந்தது ஓரிடத்தில் சேர்ந்தது. அந்த நேரத்தில் கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கும் பெருவலையான சுருக்குமடி ஒன்று வந்து வளைத்தால், நூறு தூண்டிலுக்குப் பல மாதம் கிடைத்திருக்க வேண்டியது ஒரே மடியில் போய்விடும், சுற்றுக்கடலும் வெறுமையாகும். கான்கிரீட்டின் மேல் முதலில் வழுவழுப்பு பிடிக்கும், பிறகு கொட்டலசு என்ற ஒட்டு ஓட்டுயிர், அதற்குப் பின் சிப்பியும் பாசியும். இவை நிலைத்த பிறகுதான் குஞ்சு தங்கும், கணவாய் முட்டை ஒட்டும், சிங்கிறால் (பெரிய கல் இறால்) இடுக்கில் குடியேறும். எனவே இறக்கிய நாளிலிருந்து ஆறு மாதம் யாரும் தொழில் செய்யக்கூடாது, அதன் பிறகும் தூண்டில் மட்டுமே என்று செயற்குழு தீர்மானித்து, ஒப்புதலுக்காக இன்று முன்வைக்கிறது.

மூன்றடுக்கு டிஸ்கோ வலைக்கும் மெல்லிய நைலான் இழையான தங்கூசியில் பின்னிய வலைக்கும் அனுமதி இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. கட்டின் மூலையில் வலை மாட்டினால் எஞ்சினை வைத்து இழுப்பார்கள், பாதி கிழிந்து கீழே நிற்கும். ஆளில்லாத அந்த வலை மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். செத்த மீனைத் தின்ன நண்டு வரும், அதுவும் மாட்டும். வலையை எடுக்க 13 பாகம் இறங்க வேண்டும். சிப்பி எடுக்கும் நம் பிள்ளைகளின் மூச்சு அவ்வளவு ஆழத்துக்குப் போதாது. கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு யாரையும் இறக்க இந்தச் சங்கம் சம்மதிக்காது. பயிற்சி பெற்ற ஸ்கூபா ஆட்களுக்கும் அந்த ஆழத்தில் ஒரு முறைக்கு சுமார் அரை மணி நேரம்தான் பாதுகாப்பான நேரம். வலை அகற்றும் செலவைத் திட்டத் தொகையிலேயே சேர்க்க வேண்டும் என்று, பார் கேட்டு நாம் கொடுத்த மனுவில் கேட்டிருக்கிறோம்.

இடத்தேர்வு பற்றிச் சில வார்த்தை. சேற்றுத்தரை ஆகாது, கட்டு அமிழ்ந்துபோகும். கெட்டி மணல்தரை வேண்டும். குழித்துறையாறும் நெய்யாறும் கடலில் விழும் முகங்களுக்கு நேரே போட்டால் மழைக்காலக் கலங்கலில் இடுக்கெல்லாம் மண் அடையும். கரையில் நின்று இழுக்கும் கரமடி வலை வளைக்கும் எல்லைக்குள் வரக்கூடாது, தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போகும் வழியிலும் கூடாது. இயற்கைப் பாருக்கு ஒட்டிப் போட்டால் அங்குள்ள மீன்தான் இங்கே இடம் மாறும். எடையும் கவனிக்க வேண்டியது. கரையில் 1,000 கிலோ உள்ள கான்கிரீட் கட்டு கடலுக்குள் 600 கிலோவுக்கும் குறைவாகவே நிற்கும். கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்து அடியிழுப்பைத் தாங்குமா என்பதை அந்தக் கணக்கில் பார்க்க வேண்டும். வார்த்த கட்டை 28 நாள் ஈரத்தில் வைத்துப் பதப்படுத்தாமல் அவசரமாக ஏற்றினால் இறக்கும்போதே மூலை உடையும்.

கடலரிப்பு நிற்குமா என்று பலர் கேட்டார்கள். நிற்காது. 25 மீட்டர் ஆழத்தில் ஆளுயரக் கட்டு அலையை உடைப்பதில்லை. வீடு இழந்தவர்களிடம் அப்படி நம்பிக்கை கொடுப்பது பாவம். தடுப்புச்சுவர் கோரிக்கை தனி மனுவாகத் தொடர்கிறது.

பார் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை எழுதுவதில் நடக்கும் தவறு சிறியது, நட்டம் பெரியது. நிமிடத்துக்குப் பின் மூன்று இலக்கமும் எழுதுங்கள். ஒரு நிமிடம் 1,852 மீட்டர். ஒரே இலக்கத்தோடு நிறுத்தினால் 185 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும், பாரைத் தொடாமலே திரும்ப நேரும். இன்னொன்று, 8 டிகிரி 15.500 நிமிடம் என்பதை டிகிரி மட்டும் காட்டும் கருவியில் 8.15500 என்று அடிக்கக்கூடாது, 8.25833 என்று அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் 11 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். கணியம் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் மலையையும் கோபுரத்தையும் நேர்பிடித்து எண்ணைச் சரிபார்த்துக் கொடுத்தால், அதையும் சங்கப் பதிவேட்டில் ஏற்றுவோம்.

பாரின் மேல் நங்கூரம் போடாதீர்கள். 25 மீட்டர் ஆழத்துக்கு 75 மீட்டர் கயிறு விட்டால் வள்ளம் நங்கூரத்திலிருந்து ஏறக்குறைய 70 மீட்டர் விலகி நிற்கும். ஆகவே பாரின் விளிம்பிலிருந்து நீவாட்டுக்கு (நீரோட்டத்துக்கு) மேலே 80 மீட்டரில் போடுங்கள். வள்ளம் பாரின் விளிம்புக்கு 10 மீட்டர் முன்னே நிற்கும், இரை நீவாட்டில் தானே உள்ளே போகும். ஈயத்தைத் தூண்டில் கயிற்றிலேயே கட்ட வேண்டாம். அதைவிட மெல்லிய தங்கூசியில் ஒரு முழம் விட்டுக் கட்டினால், இடுக்கில் சிக்கும்போது ஈயம் மட்டும் போகும், மீனும் முள்ளும் மேலே வரும். சிங்கிறால் முட்டையோடு வந்தால் திரும்ப விடுங்கள். நம் கரையில் அதிகம் கிடைக்கும் வகைக்கு ஏற்றுமதிக்கான குறைந்த எடை 200 கிராம், அதற்குக் கீழே உள்ளதைப் பிடிப்பதில் வருமானமும் இல்லை.

கணவாய்க்காகத் தென்னங்குலைச் சருகும் மணல்மூட்டையும் இறக்கும் முறை பற்றியும் பேசினோம். முட்டையிட வரும் தாய்க் கணவாயை அது ஓரிடத்தில் சேர்த்துப் பிடிபட வைக்கிறது, முட்டையும் சருகோடு அழிகிறது. கர்நாடகக் கடலில் நம் மாவட்டத்து ஆட்களுக்கும் அங்குள்ளவர்களுக்கும் சண்டை வந்ததும் இதனால்தான். நம் பாரில் அதை அனுமதிக்கக் கூடாது என்பது செயற்குழுவின் பரிந்துரை.

எல்லைப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. பொழியூர்க்காரர்கள் போட்ட பாரில் நம் வள்ளம் போனால் அவர்களுக்குக் கோபம், நாளை நம் பாரில் அவர்கள் வந்தால் நமக்கும் கோபம் வரும். இரு பக்கமும் உறவும் கொடுக்கல் வாங்கலும் உள்ள ஊர்கள் இவை. இரு ஊர்த் தேவாலயப் பங்கு நிர்வாகங்களும் தூண்டில் பிரதிநிதிகளும் உட்கார்ந்து, தூண்டில் மட்டும், இரவில் விளக்கு வைத்து மீன் பிடிப்பது கிடையாது என்ற ஒரே விதியை இரண்டு பாருக்கும் எழுத வேண்டும். பேச்சுவார்த்தைக்கு ஐந்து பேர் தேவை, அவர்களில் இருவர் மீன்விற்கும் பெண்களாக இருக்க வேண்டும். பெயர்களை இந்தக் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் கொடுங்கள்.