பாஸ் வேறு, கொடுவா வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கத் தூண்டில் மீன்பிடிப்புக் கட்டுரையை இங்கே டெக்சாஸில், பிளேனோ நகரில், மகள் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்தேன். நான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரன். கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பிப்ரவரி முதல் வாரத்தில் பேரனைப் பார்க்க வந்தேன். வந்த பத்தாம் நாளே பொழுது போகாமல் போய், பக்கத்துப் பூங்காக் குளத்தில் தூண்டில் போட ஆரம்பித்தேன். கட்டுரையில் மூன்று இடம் உறுத்தியது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பெயர். 'பாஸ் எனப்படும் கொடுவா மீன்' என்று போட்டிருக்கிறீர்கள். கொடுவா நம் பழவேற்காட்டிலும் முத்துப்பேட்டைக் கழிமுகத்திலும் கிடைப்பது. ஆஸ்திரேலியாக்காரர்கள் பாராமுண்டி என்பது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஏஷியன் சீபாஸ்' என்று பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. அமெரிக்கர்கள் பாஸ் என்றால் பெரும்பாலும் நினைப்பது 'லார்ஜ்மவுத் பாஸ்'. அது நன்னீர் மீன். குளத்தடியில் வாலால் பள்ளம் பறித்து முட்டைக்கு இடம் செய்யும். கொடுவாவோ முட்டையிட உப்புத் தண்ணீரைத் தேடிப் போகும். ஆணாக வளர்ந்து பிற்பாடு பெண்ணாக மாறும். முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1997இல் அதைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இரண்டும் வாயைத் திறந்தால் வாளி மாதிரி இருக்கும் என்பதைத் தவிர வேறு சொந்தம் கிடையாது. பழக்கவழக்கத்தில் பாஸுக்கு நம் பக்கத்து உறவு யார் என்றால், நான் விராலைத்தான் சொல்வேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, கட்டுரையின் பாதியை அடைத்துக்கொண்ட அந்தச் சாமான் பட்டியல். நான்கு ராடு (தூண்டில் கழி), நான்கு ரீல் (நரம்பு சுற்றும் உருளை), முப்பது வகைப் பொய் இரை, மீன் தேடும் மின்திரை. இதை நம்பி ஒரு புது ஆள் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. மாப்பிள்ளை என்னை ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த பையன் மெல்லிசாக, கைக்கு இறகு மாதிரி இருந்த ஒரு ராடை எடுத்துக் கொடுத்தான். ஆறு பவுண்டு பாரம் தாங்கும் நைலான் நரம்பு (இங்கே லைன் என்பார்கள்) சுற்றிய ரீல், அதோடு ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் புழு, ஒரு பொட்டலம் தடித்த, 5/0 என்ற பெரிய அளவுத் தூண்டில் முள். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல சரக்குதான். "எல்லாம் சேர்ந்து வேலை செய்யுமா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்கென்ன தெரியும்?

மார்ச் நடுவில் ஒரு காலை. குளத்தின் வடகரையில் சம்பங்கோரை மாதிரி ஒன்று அடர்ந்து நிற்கும். அதன் ஓரத்தில் புழுவை இறக்கினேன். முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துக் கோத்திருந்தேன். புல்லில் மாட்டாமல் இருக்க இங்கே அப்படித்தான் கோப்பார்கள். 'டெக்சாஸ் ரிக்' என்று பெயர். லைன் பக்கவாட்டில் நகர்ந்தது. வீசி இழுத்தேன். ராடு மூங்கில் கிளை மாதிரி வளைந்தது, வளைந்துகொண்டே இருந்தது. மீன் கரையிலிருந்து இரண்டு கை தூரம் வரை சாவகாசமாக வந்தது. பச்சை முதுகு, விலாவில் கரிக்கோடு. என்னை ஒரு பார்வை பார்த்து வாயைத் திறந்தது. புழு அப்படியே மிதந்து வெளியே வந்தது. "தாத்தா, அது துப்பிடுச்சு!" என்று பேரன் கத்தினான். முள் அதன் தாடையில் இறங்கவே இல்லை. அதுவரை புழுவைக் கவ்விக்கொண்டு சும்மா கூடவே வந்திருக்கிறது.

காரணம் பிறகுதான் விளங்கியது. மறைத்துக் கோத்த முள் முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வரவேண்டும், அப்புறம் தாடை எலும்பில் ஏறவேண்டும். கம்பி தடித்தால் அதற்கு இன்னும் பலம் வேண்டும். என் ராடோ பலத்தை எல்லாம் தன் வளைவிலேயே தின்றுவிட்டது. மிச்சத்தை நைலான் நரம்பின் இழுவை தின்றது. இந்த வேலைக்கு ஏழு அடியில் 'மீடியம் ஹெவி' என்று எழுதிய, ஓரளவு விறைப்பான ராடு, பதினைந்து பவுண்டு ஃப்ளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் லைன், கால் அவுன்ஸ் கூம்பு ஈயம் என்று இருக்கவேண்டும். ஆகவே என் கணக்கு இது: தேர்வை மீன் இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். மீன் எங்கே ஒதுங்கி நிற்கிறது, அங்கே போய்ச் சேரக்கூடிய இரை எது, அந்த இரைக்கு என்ன முள், அந்த முள்ளைக் குத்தி இறக்க எந்த லைன், கடைசியில்தான் ராடு. கட்டுரையாளர் ராடில் ஆரம்பித்துத் தலைகீழாக வந்திருக்கிறார். கடைக்காரருக்கு அது வசதி.

என்னைக் கரையேற்றியவர் அதே குளத்துக்கு மடக்கு நாற்காலியோடு வரும் ஒரு பெரியவர். எழுபத்தைந்து வயதிருக்கும். நான் படுகிற பாட்டை ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என் பெட்டியைக் கிளறி, தடித்த முள்ளை எல்லாம் ஒதுக்கித் தள்ளினார். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன, மெல்லிய கம்பி முள் எடுத்தார். ஐந்து அங்குல மொழுக்கைப் புழு ஒன்றை நடு வயிற்றில் குறுக்காகக் குத்தினார். ஈயம் கிடையாது. தண்ணீரில் போட்டால் இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே மெதுவாக இறங்குகிறது, மழைக்குப் பிறகு வாய்க்காலில் விழுந்த மண்புழு மாதிரியே. இதை 'வாக்கி ரிக்' என்கிறார்கள். முள் வெளியே தெரிவதால் வீசி இழுக்கவே வேண்டாம். லைனை இறுக்கினால் தானே ஏறிக்கொள்ளும். என் இறகு ராடுக்கு இது ஜோடிப் பொருத்தம். மூன்றாவது வீச்சில் பதினைந்து அங்குலத்தில் ஒன்று ஏறியது. என் சாமான் ஒன்றும் மாறவில்லை, ஐந்து காசு பெறாத முள் ஒன்றுதான் மாறியது.

பிளாஸ்டிக் புழுவுக்கும் ஒரு கதை உண்டு. 1949இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டு அடுப்படியில் காய்ச்சி அச்சில் வார்த்தது அது. பிறகு அவருடைய தொழில் இதே டெக்சாஸின் டைலர் நகருக்கு வந்து சேர்ந்தது. நம் ஊரில் எருக்குழியைக் கிளறினால் கிடைப்பதற்கு இவர்கள் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள் என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

இனி விரால் விஷயம். பாஸ் பிடிக்க இங்கே விற்கும் ரப்பர் தவளையைப் பார்த்ததும் எனக்குச் சின்ன வயது திரும்பிவிட்டது. உள்ளே பொள்ளல், இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், கவ்வி நசுக்கினால்தான் வெளியே வரும். அல்லி இலை மேல் போட்டுத் தட்டித் தட்டி இழுத்துவரலாம், ஒரு தழையும் மாட்டாது. பாமணியாற்று வாய்க்கால்களில் என் சித்தப்பா மூங்கில் கழியில் உயிர்த் தவளைக் குஞ்சைக் கோத்துச் செய்த அதே வேலை. "சத்தத்துக்கு இழுக்காதடா, பாரத்துக்கு இழு" என்பார். விரால் மேலே வந்து 'பொளக்' என்று அடித்ததும் பதறி இழுத்தால் தவளை மட்டும் நம் முகத்துக்கு வரும். கவ்வி உள்ளே கொண்டுபோய், கழியில் கனம் தெரிந்த பிறகுதான் இழுக்கவேண்டும். பாஸுக்கும் அட்சரம் பிசகாமல் அதேதான். பெரியவருக்கு இதை மகள் மூலமாக மொழிபெயர்த்துச் சொன்னேன். மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

தவளைக்கு மட்டும் கருவியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மீன் கவ்விய கணமே தலையைத் திருப்பிப் புல்லுக்குள் பாயும். அதைப் புல்லோடு சேர்த்துப் பெயர்த்துத்தான் எடுக்கவேண்டும். விறைப்பான 'ஹெவி' ராடும் ஐம்பது பவுண்டு பின்னல் லைனும் அதற்காகத்தான். ஐம்பது பவுண்டு என்றதும் கயிறு என்று நினைக்கவேண்டாம். பன்னிரண்டு பவுண்டு நைலான் நரம்பின் தடிமன்தான் இருக்கும். அது இழுபடாது, தண்ணீரில் மிதக்கும், தண்டுகளை அறுத்துக்கொண்டு வரும். தெளிந்த தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை. தழை மறைவில் அது பொருட்டில்லை.

மரக்கட்டை மீன், தகட்டு மீன் என்ற பொய் இரைகளைப் பற்றிக் கட்டுரையில் நிறையவே இருக்கிறது. மூன்று கொக்கி முள் வைத்த இரைக்கு வளைந்து கொடுக்கும் மெது ராடு வேண்டும், இல்லாவிட்டால் சின்ன முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். கட்டைவிரலால் அடக்கி வீசும் அந்தப் பேட்காஸ்டர் ரீலைப் புது ஆளுக்குச் சிபாரிசு செய்தது அநியாயம். ஒரு மாலை முழுக்க நூல் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். தூக்கணாங்குருவி தோற்றுவிடும்.

பருவம் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. தண்ணீரின் சூடுதான் இந்த மீனுக்குப் பஞ்சாங்கம். பிப்ரவரியில் நான் இரையைப் படுக்கப் போட்டு, ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் காத்திருக்கவேண்டியிருந்தது. ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அது சோம்பேறி. அறுபதைத் தாண்டியதும் கரையோரம் வந்து கூடு பறிக்கும். இப்போது மே கடைசியில் விடியற்காலை ஒரு மணி நேரம் மேல்மட்டத்தில் அடிக்கிறது. வெயில் ஏறினால் நிழலுக்கோ ஆழத்துக்கோ போய்விடுகிறது. ஒரே தூண்டிலை ஆண்டு முழுக்க ஒரே விதமாகப் போடுகிறவனுக்கு இந்தக் குளம் பாதி நாள் வெறுங்குளம்தான்.

கூட்டில் ஆண் மீன்தான் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் பாயும், பிடிப்பது சுலபம். நான் போடுவதில்லை. செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அதன் அடியில் நிற்கும் விராலைச் சித்தப்பா தொடமாட்டார். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

விலையுயர்ந்த சாமானுக்குத்தான் பெரிய மீன் வரும் என்று கட்டுரையில் ஒரு வரி. உலக சாதனை எப்படி வந்தது என்று பாருங்கள். 1932 ஜூன் 2ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாய இளைஞர் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோ மீனைப் பிடித்தார். எடை போட்டுப் பதிந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துவிட்டார்கள். அந்தச் சாதனையை எழுபத்தேழு வருடம் யாரும் தொடவில்லை. 2009 ஜூலையில் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்தது ஒரு அவுன்ஸ் கூடுதல். முந்துவதற்கு இரண்டு அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது விதி, அதனால் இருவருக்கும் சரிசமம் என்று எழுதிவிட்டார்கள்.

அந்த ஜப்பான்தான் என் மூன்றாவது உறுத்தலுக்கும் பதில். 'இம்மீனை நம் ஏரிகளில் விட்டு வளர்த்தால் சுற்றுலா பெருகும்' என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். தயவுசெய்து வேண்டாம். ஜப்பானில் 1925இல் அகாபோஷி என்ற தொழிலதிபர் ஆஷி ஏரியில் ஆசைப்பட்டு விட்டார். அது ஏரி ஏரியாகப் பரவி உள்ளூர் மீன்களைத் தின்றது. 2005 முதல் அங்கே அதை உயிரோடு வளர்ப்பதும், கொண்டுபோவதும், வேறு நீர்நிலையில் விடுவதும் சட்டப்படி குற்றம். பிவா ஏரியில் பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடவும் தடை இருக்கிறது. ஜிலேபிக் கெண்டை வந்த பிறகு நம் குளங்களில் என்ன மிஞ்சியது என்று எந்த வலைக்காரரையும் கேளுங்கள்.

இங்கே அது சொந்த ஊர் மீன், அதனால் கவனிப்பும் அப்படி. டெக்சாஸில் பொது விதி: பதினாலு அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் கூடாது. பேர்போன லேக் ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதை விட்டுவிடவேண்டும். பெரியதெல்லாம் பெண் மீன் என்பதுதான் காரணம்; ஆண் அந்த அளவுக்கு வளர்வது அபூர்வம். பதிமூன்று பவுண்டுக்கு மேல் பிடித்தால் மாநில மீன்வளத் துறை இரவல் வாங்கிப் போய் முட்டையிட வைத்துத் திருப்பி விடுகிறது. 1986இல் தொடங்கிய திட்டம். நான் பிடித்ததில் பெரியது மூன்று பவுண்டுதான், என்னிடம் யாரும் இரவல் கேட்கவில்லை.

ஆடிக்குள் ஊர் திரும்புகிறேன். பெட்டியில் நான்கு ரப்பர் தவளையும் ஐம்பது பவுண்டு லைன் ஒரு சுருளும் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் விராலிடம் காட்டிப் பார்க்கவேண்டும். பாஸின் கீழ்த்தாடையைக் கட்டைவிரல் விட்டுப் பிடித்துத் தூக்கலாம். பல் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், அவ்வளவுதான். அதே பழக்கத்தில் விரால் வாயில் விரலை விட்டுவிடக் கூடாது என்று பேரன் இப்போதே எச்சரிக்கிறான்.

கொடுவா என்று போட்டதற்கு அடுத்த ஞாயிறு ஒரு வரி திருத்தம் வெளியிடுங்கள். தமிழ்ப் பெயர் தேடிச் சிரமப்பட வேண்டாம், பாஸ் என்றே போடலாம்.

இப்படிக்கு,
மன்னார்குடி வாசகர்,
முகாம்: பிளேனோ, டெக்சாஸ்.